டீசல் எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியரும் ஒரு ரப்பர் குழாயும்

பழைய மெர்சிடிஸ் பென்ஸ் 300டி காரை வைத்திருப்பவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் சொல்வார்கள். எஞ்சினுக்குச் சாவே கிடையாது என்பது முதலாவது. சிக்னலில் பச்சை விழுந்தால் சைக்கிள்காரர் முந்திப் போய்விடுவார் என்பது இரண்டாவது. கியர் மாறும்போது முதுகில் யாரோ குத்துவது போல இருக்கும் என்பது மூன்றாவது!

முதல் இரண்டும் பலருக்கும் தெரிந்தவை. மூன்றாவதைத்தான் நிறைய பேர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். "கியர்பாக்ஸ் போய்விட்டது" என்று முடிவு கட்டி அதைக் கழற்றிப் போட்டார்கள். சிலர் வண்டியையே காயலான் கடைக்கு அனுப்பினார்கள். ஆனால் பல வண்டிகளில் கோளாறு இருந்தது கியர்பாக்ஸில் அல்ல, விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாயில். அந்தக் குழாய் அங்கே ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது.

டீசல் காருக்குள் வந்த கதை

ருடால்ஃப் டீசலின் எஞ்சின் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடியது 1897ல். அது ஆள் உயரத்துக்கும் மேலான இரும்பு மலை. தொழிற்சாலை, கப்பல், பிறகு லாரி என்று அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்தது. 1920களின் இறுதியில் பாஷ் நிறுவனம் டீசலைத் துல்லியமாக அளந்து பீய்ச்சும் பம்பைத் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் காருக்குள் டீசல் என்ற எண்ணமே நடைமுறைக்கு வந்தது.

1936ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் பென்ஸ் 260டி காட்சிக்கு வைக்கப்பட்டது. 2.6 லிட்டர், 45 குதிரைத்திறன். 1940 வரை ஏறக்குறைய 2,000 வண்டிகள் தயாராயின. அதை அதிகம் விரும்பியவர்கள் டாக்ஸிக்காரர்கள். காரணம் எளிது. டாக்ஸி ஓட்டுபவருக்கு வேகம் முக்கியமில்லை, கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்பதே முக்கியம். டீசல் கார் என்றால் டாக்ஸி என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

ஆட்டோமேட்டிக் கியர் வந்த வழி வேறு. அது அமெரிக்காவின் பிள்ளை. ஜெனரல் மோட்டார்ஸ் தனது ஹைட்ராமேட்டிக் கியரை 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கொடுத்தது. பெரிய பெட்ரோல் எஞ்சின், மலிவான பெட்ரோல், நீளமான நேர்ச் சாலை என்ற உலகத்துக்காகப் பிறந்தது அது. கிளட்சை மிதிக்க வேண்டாம், கியரைப் போட வேண்டாம் என்பது அங்கே ஒரு சொகுசு.

ஒன்று சிக்கனத்துக்காகப் பிறந்தது, மற்றொன்று சொகுசுக்காகப் பிறந்தது. இரண்டுக்கும் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தது யார்? எண்ணெய் நெருக்கடி!

1973க்குப் பிறகு

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தன. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. 1974ல் நாடு முழுவதும் வேக வரம்பு மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர் என்று குறைக்கப்பட்டது. 1975ல் வந்த சட்டம், கார் நிறுவனங்கள் விற்கும் வண்டிகள் சராசரியாக ஒரு காலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும் என்று நிர்ணயித்தது. 1978 மாடல் கார்களுக்கு அந்த அளவு 18 மைல். 1985க்குள் அதை 27.5 மைலாக உயர்த்த வேண்டும் என்பது இலக்கு.

மெர்சிடிஸ் போன்ற கனமான சொகுசுக் கார்களைத் தயாரிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. அவர்கள் கையில் இருந்த மருந்து டீசல். 1974ல் 240டி 3.0 என்ற காரை அறிமுகப்படுத்தினார்கள். ஏற்கெனவே இருந்த நான்கு சிலிண்டர் எஞ்சினோடு இன்னொரு சிலிண்டரைச் சேர்த்து ஐந்தாக்கினார்கள். அதுதான் ஓஎம்617. 3 லிட்டர், 80 குதிரைத்திறன். தயாரிப்பில் இருந்த கார்களிலேயே ஐந்து சிலிண்டர் எஞ்சின் கொண்ட முதல் கார் அதுதான். அமெரிக்காவில் இது 300டி என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

1976ல் டபிள்யூ123 என்ற புதிய உடலமைப்பு வந்தது. 1986 வரை ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் தயாராயின. இன்றும் ஆப்பிரிக்கச் சாலைகளில் இந்த முகத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவில் மட்டும் ஒரு வித்தியாசம். அங்கே 240டியை மேனுவல் கியரோடு வாங்க முடிந்தது. 300டியை ஆட்டோமேட்டிக்காகத்தான் வாங்க முடிந்தது. மெர்சிடிஸ் வாங்கும் அமெரிக்கர் கிளட்ச் மிதிக்க மாட்டார் என்று கம்பெனி கணக்குப் போட்டது. கணக்கு தப்பவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற மெர்சிடிஸ் கார்களில் பெரும்பகுதி டீசல்தான்.

எவ்வளவு வேகம்?

வேகம் என்ற சொல்லையே இந்தக் காருக்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேலி செய்வார்கள். 80 குதிரைத்திறன் 300டி நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஏறக்குறைய 20 விநாடி ஆகும். 240டி அதையும் விட மெதுவானது. அதில் ஆட்டோமேட்டிக் கியரும் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் நுழைவதற்கே தைரியம் வேண்டும்!

இந்தக் குறையைத் தீர்க்க வந்தது டர்போ. 1976 ஜூனில் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் சி111 என்ற சோதனைக் கார், இதே ஐந்து சிலிண்டர் எஞ்சினின் டர்போ வடிவத்தைப் பொருத்திக்கொண்டு மணிக்கு சராசரியாக 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பல சாதனைகளைப் படைத்தது. அந்தச் சோதனையில் எஞ்சினின் சக்தி 190 குதிரைத்திறன். சாதுவான டாக்ஸி எஞ்சினுக்குள் இப்படி ஒரு முரடன் ஒளிந்திருந்தான் என்று அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1977ல் அறிமுகமான 300எஸ்டி, தொடர் உற்பத்திக்கு வந்த முதல் டர்போ டீசல் பயணிகள் கார். அது வட அமெரிக்காவில் மட்டுமே விற்கப்பட்டது. பிறகு டபிள்யூ123 கார்களுக்கும் டர்போ வந்தது. 125 குதிரைத்திறன். 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரம் சுமார் 15 விநாடியாகக் குறைந்தது.

ஆனால் டர்போவிலும் ஒரு குணம் உண்டு. எஞ்சின் சுழற்சி ஏறும் வரை டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்து மெர்சிடிஸ் ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில், மெதுவாக மிதித்தால் வண்டி முதல் கியரில் கிளம்பாது, இரண்டாவது கியரில்தான் கிளம்பும். அலுங்காமல் கிளம்ப வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. பெட்ரோல் எஞ்சினில் இது தெரியாது. டீசலில் நன்றாகத் தெரியும். வண்டி ஒரு கணம் யோசிக்கும், பிறகு டர்போ விழித்துக்கொள்ளும், பிறகு கிளம்பும். பழகாதவர்கள் இதையே கோளாறு என்று நினைப்பார்கள்.

கியருக்கு எப்படித் தெரியும்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வரலாம். டிரைவர் மெதுவாக மிதிக்கிறாரா, ஓங்கி மிதிக்கிறாரா என்பது கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் ஆட்டோமேட்டிக் கியருக்கு எப்படித் தெரிந்தது?

பெட்ரோல் காரில் இதற்கு இயற்கையான வழி ஒன்று இருந்தது. பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் காற்றை த்ராட்டில் என்ற ஒரு தகடு தடுக்கும். ஆக்சிலேட்டரை விட்டால் தகடு மூடிக்கொள்ளும். உள்ளே பிஸ்டன்கள் காற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால் தகட்டுக்குப் பின்னால் ஒரு வெற்றிட இழுப்பு உண்டாகும். மெக்கானிக்குகள் இதை வேக்குவம் என்பார்கள். ஓங்கி மிதித்தால் தகடு திறந்துகொள்ளும், வேக்குவம் மறைந்துவிடும். ஆக, வேக்குவம் அதிகம் என்றால் பாரம் குறைவு, வேக்குவம் இல்லை என்றால் முழு பாரம். ஒரு சின்னக் குழாயை அங்கிருந்து கியர்பாக்ஸுக்கு இழுத்துவிட்டால் போதும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் மாடுலேட்டர் என்ற சிறிய டப்பா இருக்கும். அதன் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. வேக்குவம் அதிகமாக வந்தால் கியர் ஆயிலின் அழுத்தத்தைக் குறைத்துக் கியரை மென்மையாக மாற்றும். வேக்குவம் குறைந்தால் அழுத்தத்தைக் கூட்டிக் கெட்டியாக மாற்றும்.

டீசலில் என்ன சிக்கல்? 300டியின் எஞ்சினில் இந்தத் த்ராட்டில் தகடே கிடையாது. காற்று தடையில்லாமல் உள்ளே போகும். எவ்வளவு டீசலைப் பீய்ச்சுவது என்பதை வைத்தே சக்தி கூடும், குறையும். எனவே மெதுவாக ஓடினாலும் ஓங்கி மிதித்தாலும் கியர்பாக்ஸுக்குச் சொல்ல வேக்குவம் என்று ஒன்று இல்லை. பெட்ரோல் எஞ்சினின் மொழியைக் கேட்டுப் பழகிய கியர்பாக்ஸுக்கு டீசல் எஞ்சின் ஊமையாகத் தெரிந்தது.

மெர்சிடிஸ் பொறியாளர்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். பிரேக்குக்கு உதவி செய்ய எப்படியும் ஒரு வேக்குவம் பம்ப் தேவை. எஞ்சினின் முன்பக்கம் அதைப் பொருத்தினார்கள். அது எப்போதும் ஒரே அளவில் இழுத்துக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டர் இணைப்போடு ஒரு சிறு வால்வைச் சேர்த்தார்கள். மிதிக்க மிதிக்க அந்த வால்வு வெளிக்காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும், வேக்குவம் குறையும். கியர்பாக்ஸைப் பொறுத்தவரை அது ஒரு பெட்ரோல் எஞ்சினோடு பேசிக்கொண்டிருப்பதாகவே நினைத்தது. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சின் வேஷம் போட்டது! டர்போ வந்த பிறகு இந்த ஏற்பாட்டில் இன்னும் சில வால்வுகள் சேர்ந்தன.

ஒரே பம்ப், பல வேலைகள்

பம்ப் இருக்கிறதே என்று அதற்கு மேலும் மேலும் வேலை கொடுத்தார்கள். கதவுப் பூட்டுகள் வேக்குவத்தில் வேலை செய்தன. ஏர்கண்டிஷனின் காற்றுத் தடுப்புகள் வேக்குவத்தில் திறந்து மூடின. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை என்பதால் மின்சாரத்தைத் துண்டித்தால் மட்டும் அது நிற்காது, டீசலை நிறுத்த வேண்டும். அந்த வேலையையும் வேக்குவத்திடம் கொடுத்தார்கள். சாவியைத் திருப்பினால் வேக்குவம் போய் டீசல் பம்பை மூடும், எஞ்சின் நிற்கும்.

புது வண்டியில் இது அற்புதம். சத்தமில்லாமல் எல்லாம் நடக்கும். பிரச்சினை பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஆரம்பித்தது. மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்தவை சின்னச் சின்ன ரப்பர் துண்டுகள். எஞ்சின் சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் ரப்பர் காய்ந்து வெடித்தது. வேக்குவம் கசிய ஆரம்பித்தது.

கசிவு எங்கேயோ, வலி எங்கேயோ. பின் கதவின் பூட்டுக்குள் இருக்கும் சவ்வு கிழிந்தால், சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கலாம். இப்படி நடந்தால் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேலே "ஸ்டாப்" என்று எழுதிய லிவரை அழுத்தி நிறுத்த வேண்டும். கதவுப் பூட்டுக்கும் எஞ்சின் நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று வண்டி வைத்திருந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

கியருக்கும் அதே கதைதான். குழாய் கசிந்தால் மாடுலேட்டருக்கு வேக்குவம் வராது. வேக்குவம் இல்லை என்றால் "டிரைவர் ஓங்கி மிதிக்கிறார்" என்று கியர்பாக்ஸ் எடுத்துக்கொள்ளும். காலை மெதுவாக வைத்திருந்தாலும் ஒவ்வொரு கியரும் "டமார்" என்று விழும். முதுகில் குத்துவது போல இருப்பது இதனால்தான். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. வால்வு சரியாக வேலை செய்யாமல் வேக்குவம் தேவைக்கு அதிகமாகப் போனால், இரண்டு கியர்களுக்கு நடுவே எஞ்சின் ஒரு கணம் "ஊ..." என்று உறுமிவிட்டுப் பிறகு கியர் பிடிக்கும்.

இந்த இரண்டில் எது ஆபத்து? பயமுறுத்துவது முதலாவது, உண்மையில் கெடுதல் செய்வது இரண்டாவது. குத்திக்கொண்டு விழும் கியர் பயணிக்குத்தான் தொல்லை. மென்மையாக வழுக்கிக்கொண்டு மாறும் கியரோ உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருக்கும். சொகுசாக இருக்கிறது என்று அப்படியே ஓட்டியவர்களின் கியர்பாக்ஸ்தான் நிஜமாகவே போனது.

கியர் எந்த வேகத்தில் மாற வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஆக்சிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு தனிக் கம்பி கேபிள் போகும். அது தளர்ந்தால் கியர் முன்கூட்டியே மாறும், இறுகினால் தாமதமாக மாறும். முழுவதும் மிதித்தால் கீழ்க் கியருக்கு இறங்க பெடலுக்கு அடியில் ஒரு மின்சார சுவிட்ச் உண்டு. ஆக, கியர் எப்போது மாறுகிறது என்பது கேபிள் கையில், எப்படி மாறுகிறது என்பது வேக்குவம் கையில். இந்த வேறுபாடு தெரிந்த மெக்கானிக் கையால் இயக்கும் வேக்குவம் பம்பையும் ஒரு மீட்டரையும் வைத்தே பெரும்பாலும் கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். தெரியாதவர் கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்.

யார் தலையில் பழி?

இங்கே கொஞ்சம் பணக் கணக்கும் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கிய முதல் உரிமையாளர் வசதியானவர். கம்பெனி சர்வீஸில் விடுவார். குழாயை அவர்களே மாற்றிவிடுவார்கள். வண்டி மூன்றாவது, நான்காவது கைக்கு வரும்போதுதான் ரப்பர் வெடிக்கிறது. அந்தக் கையில் பணம் குறைவு. ரப்பர் குழாயின் விலை சில டாலர். கியர்பாக்ஸைப் பிரித்துச் சரி செய்யும் செலவோ பல சமயம் அந்தப் பழைய காரின் மதிப்பையே தொட்டுவிடும். தவறான ஒரு முடிவு நல்ல எஞ்சினோடு சேர்த்து வண்டியையே காயலான் கடைக்கு அனுப்பிவிடும். தேய்மானம் என்று கணக்குப் புத்தகத்தில் எழுதுவதில் ஒரு பங்கு உண்மையில் தேய்மானம் அல்ல, அறியாமை!

சின்னக் கோளாறுக்குப் பெரிய விஷயத்தின் மீது பழி போடுவது அந்தக் காலத்தில் இன்னும் பெரிய அளவிலும் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தனது ஓல்ட்ஸ்மொபைல் பிரிவில் 5.7 லிட்டர் டீசல் எஞ்சினை 1978 மாடலில் கொண்டுவந்தது. டீசலின் அழுத்தத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் சிலிண்டர் ஹெட் போல்ட்கள் அதில் இல்லை. டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் வைக்கவில்லை. ஹெட் கேஸ்கட் போயிற்று, பம்ப் துருப்பிடித்தது, வழக்குகள் குவிந்தன. 1985 மாடலோடு அது நின்றது. போல்ட்டும் வடிகட்டியும் சரியில்லை என்று அமெரிக்க மக்கள் சொல்லவில்லை. "டீசலே மோசம்" என்றார்கள். அந்தக் கெட்ட பெயர் அங்கே வெகுகாலம் நீடித்தது.

மெர்சிடிஸின் எஞ்சின் அந்தப் பழிக்கு நேர் எதிரான சாட்சி. 1976ல் தயாரான ஒரு 240டி டாக்ஸி கிரீஸ் நாட்டில் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004ல் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தியர்களுக்கும் இந்த எஞ்சின் குடும்பம் அந்நியம் அல்ல. ஓஎம்617க்கு அடிப்படையான நான்கு சிலிண்டர் ஓஎம்616 எஞ்சினை இந்தியாவில் உரிமம் பெற்றுத் தயாரித்தது பஜாஜ் டெம்போ. டெம்போ டிராவலர் வேனில் கொடைக்கானலுக்கோ சபரிமலைக்கோ போனவர்கள் பலர் அந்த "கடகட" சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். அந்த வேன்கள் மேனுவல் கியர் என்பதால் டிரைவர் காலுக்கும் கைக்கும் நடுவே எந்த வேக்குவக் குழாயும் இல்லை. கியர் குத்துகிறது என்ற புகாரும் இல்லை.

மீண்டும் ஒரு வாழ்வு

2000களில் அமெரிக்காவில் இந்தக் கார்களுக்கு எதிர்பாராத மறுபிறவி கிடைத்தது. உணவகங்களில் வறுத்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி ஓட்டலாம் என்று இளைஞர்கள் பழைய 300டி கார்களைத் தேடி வாங்கினார்கள். மலிவாகக் கிடைத்த வண்டிகளில் பல, "கியர் சரியில்லை" என்று விற்கப்பட்டவை. குழாய்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது கியர்பாக்ஸ் நன்றாகவே இருப்பதைச் சிலர் கண்டுகொண்டார்கள். முந்தைய உரிமையாளர் எதைக் கைவிட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இதற்கிடையே தொழில்நுட்பம் வேறு பாதைக்குப் போய்விட்டது. 1996ல் மெர்சிடிஸ் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டோடு ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. 1997ல் காமன் ரெயில் டீசல் எஞ்சின்கள் கார்களுக்கு வந்தன. அதன் பிறகு எஞ்சின் கம்ப்யூட்டரும் கியர் கம்ப்யூட்டரும் ஒயர் வழியாக நேரடியாகப் பேசிக்கொண்டன. டீசல் எஞ்சின் பெட்ரோல் வேஷம் போட வேண்டிய அவசியம் தீர்ந்தது. இன்றைய டீசல் ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறுவதே தெரிவதில்லை. கோளாறு வந்தால் மட்டும் கையில் ஸ்கேனர் இருக்க வேண்டும்.

பழைய 300டிக்கு ஸ்கேனர் தேவையில்லை. கேட்கத் தெரிந்த காதும், சந்தேகப்படத் தெரிந்த மனமும், ஒரு முழ ரப்பர் குழாயும் போதும். அடுத்த முறை ஒரு பழைய டீசல் கார் கியர் மாறும்போது முதுகில் குத்தினால், கியர்பாக்ஸைத் திட்டுவதற்கு முன்பு பானெட்டைத் திறந்து குழாயைத் தொட்டுப் பாருங்கள். பாவம், அந்தக் கியர்பாக்ஸ் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்துகொண்டிருக்கும்!